கீழே உதிக்கிற சூரியன்

வருஷத்தின் நடுவில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றுகிறவன் ஒன்று வாத்தியாரோடு சண்டை போட்டவனாக இருப்பான், இல்லையென்றால் பெண்டாட்டிக்குப் பயந்தவனாக இருப்பான். சோணைக்கு எந்த வாத்தியாரோடும் சண்டை கிடையாது.

எல்லாம் ஒரு நோட்டீசால் வந்த வினை. பொங்கலுக்குக் கீழே சிலமலை ஊரிலிருந்து மலையேறி வந்த சொந்தக்காரர் ஒருவர் ஊர்த் திருவிழா நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார். சோணையின் பெண்டாட்டி ராக்குவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அதனாலேயே மகள் பொன்னுமணியின் படிப்பில் அவளுக்கு அப்படியொரு பெருமை. ஏலத்தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, கணக்கில் புலி. "வாசி ஆத்தா, கேப்போம்" என்று நோட்டீசை நீட்டினாள். பொன்னுமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம எழுத்து இல்லம்மா" என்றாள்.

தோட்டம் மலையாள எல்லைக்குள் இருந்தது; பள்ளியிலும் மலையாளம்தான். எந்த எழுத்தானால் என்ன, பிள்ளை படித்தால் சரி என்று சோணை இருந்துவிட்டான். ராக்குவுக்கும் அது தெரியாததல்ல. ஆனால் நம்ம எழுத்து இல்லை என்று பெற்ற பிள்ளை சொன்னது அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"போடியில கொண்டுபோயி சேத்துட்டு வாங்க. உங்க அக்கா வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றாள் மறுநாள்.

"அவசரப்படாத. வருசப் பரீச்ச முடியட்டும், ஆனியில பாத்துக்கிடுவோம்."

"இன்னைக்கு நம்ம எழுத்து இல்லேங்கிறா. ஆனிக்குள்ள நம்ம பேச்சு இல்லேம்பா. வெரசா கெளம்புற சோலியப் பாருங்க."

ராக்கு ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். சோணை கிளம்பச் சம்மதித்தான். ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. நடு வருஷத்தில் எவன் சேர்த்துக்கொள்வான்? முடியாது, போய்விட்டு ஆனியில் வா என்று விரட்டினால், பிள்ளையின் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்துவிடலாம். தாயும் குறை சொல்ல முடியாது. இருக்கிறது ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது?

கைப்பிள்ளையாக ஒரு தடவை இறங்கியதோடு சரி, பொன்னுமணி மலையை விட்டுக் கீழே வந்ததே இல்லை. கழுதைகள் ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் பாதையில் அப்பனும் மகளும் நடந்தார்கள். வழி நெடுக மூடுபனி. முன்னால் போகிற கழுதையின் வால் தவிர ஒன்றும் தெரியவில்லை. அடிவாரத்தைத் தாண்டிச் சமதரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொன்னுமணி கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். அவளுக்கு நடை பிடிபடவில்லை.

"அய்யா, இந்தப் பாதை மேல போகுதா, கீழ போகுதா?"

"ரெண்டும் இல்ல ஆத்தா. சும்மா போகுது."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சும்மா போகிற பாதையை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அக்கா மருதாயி வீட்டில் வேறு கூத்து. கீழ்நாட்டுக்காரர்களுக்குத் திசை சொல்லாமல் பேச வராது. "அந்தச் சொம்பக் கிழக்காம நகட்டி வையி" என்றாள் மருதாயி. பொன்னுமணி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். மலையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அங்கே எல்லாமே மேல், கீழ்தான். மேல வீடு, கீழ ஓடை, மேல போ, கீழ வா.

"என்னடா தம்பி, இம்புட்டு வளந்தும் திக்குத் தெரியாமயா பிள்ளைய வளத்திருக்கீக?" என்று மருதாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சோணைக்குச் சுருக்கென்றது. கூடவே, இதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒரு கள்ள நினைப்பும் வந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம். கீழேயும் மூடுபனி விலகவில்லை. பெரிய வாத்தியார் ஜக்கையன் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சோணை வாசலிலேயே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுப் பலகையில் பெயரை எழுதச் சொன்னார். பொன்னுமணி எழுதினாள். அழகான, உருண்டை உருண்டையான மலையாள எழுத்து. வகுப்பே எட்டிப் பார்த்தது.

"தமிழ்ல எழுது."

"அது அறியில்ல சாரே" என்றாள் அவள். பிள்ளைகள் சாரே, சாரே என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்கள்.

கணக்கு கேட்டார். பளிச்சென்று போட்டாள். வாய்ப்பாடு கேட்டார். பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் தட்டாமல் சொன்னாள். ஜக்கையன் தாடையைத் தடவினார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் சட்டம் பார்க்கிறவர்.

"கெட்டிக்காரிதான்ப்பா. அதுக்காக ஆனா ஆவன்னா தெரியாத பிள்ளைய அஞ்சுல எப்படி உக்கார வைக்க? ஒண்ணாம் வகுப்புலதான் போடணும்."

ஒன்றாம் வகுப்பு என்றால் மூக்கு ஒழுகுகிற குஞ்சு குளுவான்களோடு உட்கார வேண்டும். பொன்னுமணியின் முகம் சுண்டிப்போனது. சோணை இதற்குத்தானே காத்திருந்தான்? "அப்ப நான் கூட்டிட்டுப் போறேங்கய்யா" என்று வாயெடுத்தான். மகள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த வாட்டத்தை வாத்தியாரும் கவனித்திருக்க வேண்டும். பிள்ளையை மனம் தேற்றி அனுப்பலாம் என்று, யாருக்கும் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"சூரியன் எங்க உதிக்கும், சொல்லு பாப்பம்?"

"கீழ" என்றாள் பொன்னுமணி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சோணைக்குக் காதெல்லாம் சுட்டது.

"எங்க மறையும்?"

"மேல."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஜக்கையன் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி வகுப்பை அடக்கினார்.

"கீழன்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல சாரே. நான் காணுறதுதான்." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்க தோட்டம் மலையோட விளிம்புல இருக்கு. வெடிய வந்து நின்னா எங்க காலுக்குக் கீழ மேகம் கெடக்கும். சூரியன் அதுக்குள்ள இருந்து வரும். நாங்க குனிஞ்சுதான் பாப்போம். ஏலப்பூ செடியில இல்ல, தூருல மண்ணோட கெடக்கும். நாளெல்லாம் அதுக்கு நெழல்தான். அந்நேரம் மட்டும் வெயில் எலைக்கு அடியில பூந்து வந்து பூவத் தொடும். பொறகு மேல ஏறிப்போயி, மேல மலைக்குப் பின்னால விழுந்துரும்."

வாத்தியார் கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசையில் வைத்தார்.

"கீழ்த்திசை, மேல்திசைன்னு இத்தன வருசமா நானும் சொல்லிக் குடுக்கேன்" என்றார் பிள்ளைகளைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. "கீழங்கிற சொல்லுல இருந்து வந்ததுதான் கெழக்கு, மேலங்கிற சொல்லுல இருந்து வந்ததுதான் மேக்கு. பொஸ்தகத்துல படிச்சேன், உங்களுக்கு ஒப்பிச்சேன். சூரியன் கீழ இருந்து வர்றத இவ கண்ணால கண்டுட்டு வந்து நிக்கிறா. இதுல என்னடா சிரிப்பு?"

பிறகு சோணையிடம் திரும்பினார். "இவ அஞ்சுலயே இருக்கட்டும்ப்பா. எழுத்து எங்க போயிரப் போகுது? சாயங்காலம் சாயங்காலம் நானே உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கேன்."

சோணை மகளைப் பார்த்தான். தினமும் தன் தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிற பிள்ளையா இது? அவளைத் தொடக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கும்பிடுவது போல வாத்தியாரைப் பார்த்துவிட்டு, மகளிடம் சொல்லிக்கொள்ள அவளை முற்றத்துக்குக் கூட்டிவந்தான்.

வெளியே பனி முழுக்க விலகியிருந்தது. பொன்னுமணி நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஊர் முடிகிற இடத்தில் தொடங்கி வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது நின்றது. அடியில் பச்சை, அதற்கு மேல் கரும்பாறை, அதற்கும் மேல் நீலம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்க்க அவள் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

"அய்யா, அது என்ன?"

"நம்ம மலதான் ஆத்தா."

"நம்ம மலையா?" அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "நாம அதுலயா இருக்கோம்?"

சோணையும் பார்த்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிறவன்தான். பாதையைப் பார்த்திருக்கிறான், முன்னால் போகிற கழுதையைப் பார்த்திருக்கிறான். மலையை இன்றைக்குத்தான் பார்த்தான். இத்தனை பெரியதின் மேலா அடுப்பு மூட்டி, துணி காயப்போட்டு, பெண்டாட்டியோடு சண்டை பிடித்துக்கொண்டு கிடந்தோம் என்று நினைத்தான்.

பொன்னுமணியின் கண் மலையில் எதையோ தேடியது.

"அம்மா எங்க இருக்கா?"

சோணை கையை நீட்டினான். நீட்டிய கைக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. "அந்தா, அங்கிட்டு" என்று பொதுவாகக் காட்டினான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அய்யா, நான் வரவா, இருக்கவா?" என்று கேட்டாள்.

வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைத்தான் அவன் வழியெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வாத்தியார் பாடத்தைத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"இரு ஆத்தா" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சோணை மேற்கே பார்த்து நடந்தான்.

வீடு போய்ச் சேர்ந்தபோது ராக்கு வாசலிலேயே நின்றிருந்தாள். அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"எந்த வகுப்பு?"

"அஞ்சுதான். வாத்தியாரே அசந்துபோயிட்டாரு. உம் மக லேசுப்பட்டவ இல்ல."

"கூட வர்றேன்னு அழுதாளா?"

"அழுகல. வரவா, இருக்கவான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீக?"

"இருன்னு சொன்னேன்."

இத்தனைக்கும் காரணக்காரி ராக்குதான். வெரசா கெளம்புங்க என்று விரட்டியவளும் அவள்தான். இப்போது அப்படியே வாசலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வந்துருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.