இதைவிட அது மேல்

‘ஐ வுட் ராதர்’ என்று தொடங்கி, விருப்பமானதை முன்னாலும் வேண்டாததைப் பின்னாலும் வைத்தால் வாக்கியம் தானாக நிற்கும். தையல் ஆலையின் சாப்பாட்டு அறையில், வேலை முடிந்து வந்த பெண்களுக்கு இதை விளக்கினேன். காபியைவிட டீ, நடப்பதைவிட பஸ் என்று ஆளுக்கொன்று ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

காஜா போடும் அக்கா எழுந்து, வீட்டுக்குப் போவதைவிட இந்த மேசைமேல் படுத்துக்கொள்வதே மேல் என்றாள். ஒரு பிழையும் இல்லை. நான் கைதட்டினேன்.

“ஓவர்டைம் பைத்தியம் முத்திடுச்சு!” என்று கட்டிங் பெண் சிரித்தாள்.

“என் கையை உடைச்சிட்டு ஜெயிலுக்குப் போனவரு காலைல வந்துட்டாருடி.”

சிரிப்பு அடங்கியது.

“அப்ப போகாதக்கா. எங்க வீட்டுல படுத்துக்க.”

“பாப்பா அவர்கிட்ட இருக்கே.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அக்கா முதல் ஆளாகப் போய் ஏறினாள்.