நாலு மணிப் புறாக்கள்

அந்த நகரத்தில் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் பத்து என்று சுற்றுலா அலுவலகத்தின் மடிப்புத்தாளில் அச்சடித்திருந்தார்கள். குடைக்காரம்மா அந்தப் பத்தையும் இருபத்திரண்டு வருஷமாக, வாரத்துக்கு ஆறு நாள் பார்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை வாசல், இசைக்கருவிக் கடைத்தெரு, இசை மேதை பிறந்த வீடு, அதே மேதை கடைசிக் காலத்தில் கோபித்துக்கொண்டு போய்த் தங்கிய வீடு, கச்சேரி மண்டபம் என்று வரிசையாகப் போய், சாயங்காலம் நாலு மணிக்கு மணிக்கூண்டுச் சதுக்கத்தில் முடியும். அவள் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் குடை இருக்கும். மழைக்காக அல்ல, பின்னால் வருகிறவர்கள் தொலைந்து போகாமல் இருப்பதற்காக. அதனால் வந்த பெயர்தான் குடைக்காரம்மா. வீட்டுக்காரரே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

வேலை அலுத்துவிட்டதா என்றால், அலுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலமானால் கால் இரண்டும் யாருடையதோ மாதிரி கனக்கும். மேதை பிறந்த வீட்டின் மாடிப்படியில் ஏறும்போது, இந்த மனுஷன் தரைத்தளத்தில் பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று தினமும் ஒருமுறை மனசுக்குள் திட்டுவாள். ஆனால் விட முடியாது. வேறு என்ன தெரியும் அவளுக்கு? பேசத் தெரியும், நடக்கத் தெரியும். அதிலும் பின்பக்கமாக நடக்கத் தெரியும்.

அந்தப் பின்பக்க நடையில்தான் விஷயமே இருந்தது. அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் போனவை சன்னமான ஒலிகள்: விசில், அழைப்புமணி, குருவி. அப்புறம் பேச்சு. இப்போது யாராவது எதிரே நின்று பேசினால் பாதியைக் கேட்பாள், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் பேசுவதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற முனகல்தான். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வாங்குவதற்கு அவர்களுக்கு ஒரு காதாவது இருக்கிறதே!

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இரண்டு வருஷமாகக் கிடந்தது. கருவி மாட்டிக்கொண்டால் சமாளிக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். மாட்டிக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? வழிகாட்டி உரிமத்துக்கான படிவத்தில் ‘கண், காது, கால் நல்ல நிலையில் உள்ளன’ என்று ஒரு வரி உண்டு. காலைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் பொய்தான் எழுதினார்கள், அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. காது அப்படியில்லை. முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரிக்கோலால் தாளம் போடுகிற ஊர் அது. அந்த ஊரைக் காது கேளாத ஒருத்தி சுற்றிக்காட்டுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். உரிமம் போய்விடும். உரிமம் போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவளுக்குத் தெரியாது.

ஆகவே கூட்டத்தின் முகங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். “கேள்வி கேக்கணும்னா கையத் தூக்குங்க, முன்னாடி வாங்க, ஒவ்வொருத்தரா கேளுங்க” என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் அதைக் கண்டிப்பு என்று நினைத்து மரியாதை கொடுத்தார்கள். கச்சேரி மண்டபத்தில் ஒத்திகை நடந்தால் முதல் வயலின்காரரின் முழங்கையைப் பார்ப்பாள். முழங்கை கீழே இறங்கினால் வாசிப்பு முடிந்தது, வாயைத் திறக்கலாம். மணிக்கூண்டுக்குப் புறாக்கள். நாலு மணிக்குக் கூண்டின் உச்சியில் பதினொரு சின்ன மணிகள் சேர்ந்து ஒரு பழைய மெட்டை வாசிக்கும். முதல் மணி அடித்ததும் அங்கே அடைந்திருக்கிற புறாக்கள் மொத்தமாக எழும்பும். உடனே குடையைத் தூக்கி, “கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க” என்பாள். மெட்டு முடிந்ததும் அவை திரும்பி வந்து உட்காரும். குடையை இறக்கிவிடுவாள். இரண்டு வருஷத்தில் புறாக்கள் ஒருநாளும் அவளைக் கைவிட்டதில்லை.

வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். நாள் முழுக்கக் கம்பிகளைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தம் ஆகாது. ஆனால் முணுமுணுப்பார். குழம்பில் உப்பு, சட்டையில் பொத்தான், அவளுடைய தம்பி வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஏணி. முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முணுமுணுப்பதும் அதற்கு இவள் எகிறுவதுமாகத்தான் முன்பெல்லாம் குடித்தனம் நடந்தது. இப்போது வீடு அமைதியாக இருந்தது. “வயசாக ஆக உனக்கும் பொறுமை வந்துடுச்சு” என்று ஒருநாள் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார், பெருமையாக வேறு. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காதை வைத்துப் பிழைக்கிற மனுஷனிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

உரிமம் புதுப்பிக்கிற மாதம் வந்தது. அதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் ஒருநாள் முழுக்கக் கூடவே வந்து பார்ப்பார். இந்த முறை வந்தவர் கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு, சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். காலையில் அலுவலகக் கூடத்தில் ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. மற்ற வழிகாட்டிகள் தலையை நிமிர்த்திக் கேட்டார்கள். அவளும் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டி வைத்தாள். தினமும் ஏதாவது அறிவிப்பார்கள், வண்டி நிறுத்துகிற இடம் மாறியது என்பார்கள். அப்புறம் யாரையாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஃபைல்காரர் கூட்டத்தோடு வராமல் அவளுக்குப் பக்கவாட்டிலேயே நடந்தார். அவர் வாயைத் திறக்கிறாரா என்று ஒரு கண்ணும் கூட்டத்தில் யார் கையைத் தூக்குகிறார்கள் என்று இன்னொரு கண்ணுமாக நடந்ததில் மத்தியானத்துக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. போதாக்குறைக்கு வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மா நிற்கிற இடத்திலெல்லாம் கையைத் தூக்கினாள்.

“அவரு ஏன் கோவிச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்தாரு?”

“மாமனார்கூடச் சண்டைங்க.”

“என்ன சண்டை?”

“இவரு வாசிக்கிறப்போ மாமனார் பேசிக்கிட்டே இருப்பாராம்.”

ஃபைல்காரர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை. கச்சேரி மண்டபத்தில் முழங்கை இறங்கியது, சரியாகப் பேச ஆரம்பித்தாள். ஒன்பது இடம் முடிந்தது. இன்னும் ஒன்றுதான், புறாக்கள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணே கலங்கியது, அவ்வளவு களைப்பு.

சதுக்கத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் குறைவாக இருந்தது. மற்ற வழிகாட்டிகள் ஒருவரையும் காணோம். அதை யோசிக்க நேரமில்லை. கூண்டின் முட்கள் நாலைத் தொட்டன, புறாக்கள் எழும்பின. குடையைத் தூக்கினாள்.

“கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. மூச்சு விடற சத்தம்கூட வரக்கூடாது.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் தினமும் வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டாள், கொஞ்சம் மேலே நிமிர்ந்து, கொஞ்சம் சிரித்து. மெட்டு அவளுக்கு மனப்பாடம். புறாக்கள் பறந்த நொடியிலிருந்து அது அவளுக்குள் ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மணியும் தெளிவாக விழும். அன்றைக்கும் விழுந்தது. ஒருமுறை முழுசாக ஓடி முடிந்தும் புறாக்கள் வரவில்லை, இரண்டாம் முறை வாசிக்கிறார்கள் போல என்று நினைத்தாள். கை வலித்தது. அப்பாடா என்று கடைசியில் அவை வந்து உட்கார்ந்தன.

வழக்கமாக இந்த இடத்தில் கை தட்டுவார்கள். அன்று ஒருவரும் தட்டவில்லை. பின்னால் நின்ற ஒரு பருமனான மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பியம்மா கையைத் தூக்காமலேயே முன்னால் வந்தாள்.

“மணி அடிக்கவே இல்லையேம்மா. வேணும்னுதான் அப்படிச் செஞ்சீங்களா?”

உதட்டைச் சரியாகத்தான் படித்தாள், நம்பத்தான் முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் ஒரு வேலையாள் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். அவன் அதை உதறியதற்குத்தான் புறாக்கள் பறந்திருக்கின்றன.

ஃபைல்காரர் நேரே எதிரில் வந்து நின்றார்.

“மணி பழுது பாக்கறாங்க, இன்னிக்கு அடிக்காதுன்னு காலையிலயே அறிவிச்சோம். மத்தவங்க எல்லாரும் இந்த இடத்தையே விட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மேடம், அடிக்காத மணியக் கேக்க வெச்சிருக்கீங்க. நாலு நிமிஷம்! ஒருத்தர்கூட அசையல. கல்யாணத்துக்கப்புறம் நான் இவ்வளவு நேரம் நிம்மதியா நின்னதே இல்ல.” பூட்டி வைத்த சிரிப்பு எப்படியோ வெளியே வந்துவிட்டது. “இது உங்க யோசனைதானே?”

இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லியும் இருப்பாள். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், கால் வேறு கடுத்தது.

“ஆமாங்க” என்றாள்.

உரிமம் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்து வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: மணி சரியான பிறகும் எல்லா வழிகாட்டிகளும் மெட்டு முடிந்ததும் ஒரு மௌன நிமிடம் நடத்த வேண்டும். மடிப்புத்தாளில் பதினோராவது இடமாக அதை அச்சடித்துவிட்டார்கள். “நீ பாட்டுக்குச் சும்மா நின்னுட்டுப் போயிட்ட, இப்ப நாங்கல்ல தினமும் நிக்க வேண்டியிருக்கு” என்று கூட வேலை செய்கிற நெட்டையன் அலுத்துக்கொண்டான். அவளும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் பயம் தின்றது. உரிமத்தைப் பற்றிய பயம்கூட இல்லை. அடிக்காத மணியை அவள் முழுசாகக் கேட்டிருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாள் கேட்டதில் எது மணி, எது மனசு?

மணி சரியான வாரம், தமக்கு வேலை இல்லாத ஒருநாளில், மனைவியின் பேர்போன மௌனத்தைப் பார்க்க வீட்டுக்காரரும் சதுக்கத்துக்கு வந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். புறாக்கள் எழும்பின, உட்கார்ந்தன. பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா நிற்க வைத்தாள். முடிந்ததும் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் முன்னால் வந்தாள்.

“மணி, மௌனம், இந்த ரெண்டுல உங்களுக்கு எதும்மா பிடிக்கும்?”

பத்து இடம் நடந்த களைப்பில் உண்மை வாய்தவறி வந்துவிட்டது.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

ஆகா என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பெரிய தத்துவம் கேட்டுவிட்டது போல ஒருவர் குறித்தும் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் தலையாட்டவில்லை.

கூட்டம் கலைந்தது. அவள் குடையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். சட்டென்று அவர் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பின்னாலேருந்து மூணு தடவ கூப்பிட்டேன்” என்றார். “எப்போலேருந்து?”

“ரெண்டு வருஷமா.”

அவர் கூண்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்காரப் போனாள், அவர் கையைப் பிடித்து எதிர்ப்படியில் தம் முகம் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்.

“அப்ப நான் திட்டினதெல்லாம்?”

“ஒண்ணுமே கேக்கல.”

“பொறுமை வந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

“பொறுமையா? எனக்கா?” என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். அவர் கைக்குட்டையைக் கொடுத்தார். “நாளைக்குப் போய் அந்த ஃபைல்காரர்கிட்ட சொல்லிடறேங்க. புறாவப் பாத்துத்தான் குடையத் தூக்கினேன்னு.”

“உரிமம்?”

“போனாப் போகுது. பொய்யா நின்னு நின்னுதான் கால் இப்படி வலிக்குது.”

“முதல்ல டாக்டர்” என்றார் அவர். “நானும் வரேன். அப்புறம் ஃபைல்காரர்.”

“அதுக்கும் முன்னாடி, ரெண்டு வருஷமா திட்டினத எல்லாம் சொல்லுங்க. ஒண்ணையும் விடக் கூடாது. நான் பதில் சொல்லணும்.”

அவர் வெளிச்சம் விழுகிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிகிற மாதிரி, குழம்பு உப்பிலிருந்து ஆரம்பித்தார். ஏணிக்கு வருவதற்குள் அவள் எகிற ஆரம்பித்துவிட்டாள்.