ஓடைக்கு மேலே நின்ற முகவரி

வண்டன்மேட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், வீடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய இணைய முகவரி 2023 பிப்ரவரியில் மதிலைத் தாண்டி வளர்ந்து காற்றில் நின்றது.

வந்தபோதே அதில் நூற்று நாற்பத்து மூன்று எழுத்துகள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் அறுந்தது. அதனால் பெயிண்டர் சுடலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மதிலில், எழுத்துக்கு ஒரு முழம் என்று நீலத்தில் எழுதினார். ஆட்கள் போனும் கையுமாக மதிலோரம் நடந்து ஒவ்வொன்றாக அடித்தார்கள்; ஒன்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பஞ்சாயத்து கிளார்க் ஜினோ மனமிரங்கி, ஆறெழுத்தில் சுருக்க லிங்க் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். அதற்கும் படிவம் இருந்தது: எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் பொறுப்பு, கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் வேறு இரண்டு பெயர். கோப்பில் ஒருவர் கையெழுத்திட்டால் மதிலில் முகவரி நீண்டது. செக்ஷன் கிளார்க்குக்கு ஓர் எழுத்து, சூப்பரண்டுக்கு ஒன்பது, இணை இயக்குநருக்கு நாற்பது. நீலமும் அதே நீலம். கோப்பைத் திரும்பப் பெறலாம் என்றால் அதற்கும் ஏழு கையெழுத்து. மதில் முடிந்ததும் எழுத்துகள் ஏலச்செடிகளுக்கு மேலும், பிறகு ஓடைப் பள்ளத்துக்கு மேலும் வரிசையாக நின்றன. காலையில் அவற்றில் பனி கோத்திருந்தது.

ஏலத்தோட்டத் தொழிலாளி மூக்கம்மாளுக்கு மார்ச் முப்பத்தொன்றில் பணி ஓய்வு. சீக்கிரமே லயத்து அறையைக் காலி செய்தாக வேண்டும்; வீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அந்த முப்பத்தொன்றுதான். பள்ளத்துக்கு மேலிருந்த எழுத்துகள் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. அன்று காலை விண்ணப்பத்தைத் தாளில் எழுதி மடியில் செருகிக்கொண்டு, மதிலேறி, காற்றில் நின்ற முதல் எழுத்தில் கால் வைத்தாள். தாங்கியது.

"யக்கா, விழுந்து தொலைச்சிராத," என்றார் சுடலை.

"நீ அடிச்ச பெயிண்டுதான?"

"முத நூத்தி நாப்பத்து மூணுக்குத்தான் நான் பொறுப்பு."

அரசாங்கத்தின் எழுத்துகள் கொஞ்சம் ஆடின. பேருந்து ஒன்றேகால் மணி நேரம் சுற்றிப் போகும் இடத்துக்கு அவள் பத்து நிமிடத்தில் போய்விட்டாள். முகவரி பஞ்சாயத்து அலுவலக ஜன்னலோரம் முடிந்திருந்தது.

"கையில வாங்கக் கூடாதுக்கா, ஆன்லைன்லதான் போடணும்," என்றார் ஜினோ.

"நான் நிக்கிறது ஒரு புள்ளி மேல சார். வாங்கிட்டு அப்பறமா யோசிங்க."

ஜினோ எட்டிப் பார்த்தார். வாங்கி முத்திரை குத்தினார். அவளை ஜன்னல் வழியே உள்ளே இறக்கி ரசீதும் கொடுத்தார்.

வீடு சாங்ஷன் ஆனது. கட்டுமான மணலும் சிமெண்டும் எழுத்துகளின் மேலேயே தலைச்சுமையாக வந்தன. பள்ளிப் பிள்ளைகளும் பேருந்தை விட்டு அந்த வழிக்கு மாறினார்கள். அந்த நேரத்தில்தான் சுருக்க லிங்க் அனுமதியானது. அது நடைமுறைக்கு வரும் நாளில் பழைய முகவரி நீக்கப்படும் என்றது உத்தரவு. சுருக்க வேண்டாம் என்று ஊரே மனு எழுதியது; முதல் கையெழுத்து மூக்கம்மாளுடையது. முடிவு தெரியும்வரை உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது; அந்த மனுவின் கோப்பு இன்றும் தலைநகரில் மேசை மேசையாக ஏறிக்கொண்டிருக்கிறது. முகவரி இப்போது பஞ்சாயத்து அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. இன்னும் மூன்று கையெழுத்து விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விடும் என்று மூக்கம்மாள் சொல்கிறாள்.