வெளுத்த இருக்கையும் நான் எழுதிய ஒரு வரியும்

1

வாசகர்களே, சாட்சிக்கு வாருங்கள். ஓர் அநீதி நடந்தது. பட்டப்பகலில், ஒரு கார் கழுவும் நிலையத்தின் அலுவலக மேசையில் நடந்தது. அதன் தடயம் என் கையில் இருக்கிறது: ஓர் அரைத்தாள். அதன் முன்பக்கத்தில் ஒரே ஒரு வரி.

"என் கவனக்குறைவால் வாடிக்கையாளரின் தோல் இருக்கை நிறம் இழந்ததை ஒப்புக்கொண்டு, நானாகவே வேலையிலிருந்து"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அதில் வரும் 'நான்' ஒரு பெண். கையெழுத்தோ என்னுடையது. இந்தக் கதை பிறந்தது அந்த வரியில்தான். உழைப்பவரின் மானம் பற்றி ஊர் ஊராக மேடையேறிப் பேசிய இதே கை எழுதிய வரி அது.

2

இக்கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆணவம் பிடித்த செல்வந்தன் ஒருவன் தன் காரிலிருந்து இறங்கினான்."

அடித்துவிட்டேன். அவன் செல்வந்தனும் அல்லன், ஆணவக்காரனும் அல்லன். என் மனைவியின் தம்பி. பழைய காராகத் தேடி வாங்கினான். ஞாயிறுதோறும் பழைய பனியன் துணியில் பாலிஷைத் தொட்டு, அதன் தோல் இருக்கைகளை மணிக்கணக்கில் தேய்ப்பான். "கட்டினவளுக்குத் தலைவலின்னா ஒரு தைலம் தேய்ச்சு விட்டிருப்பானா இவன்?" என்பாள் என் மனைவி. தேய்க்கத் தேய்க்க அந்தப் பழுப்பு நிறம் மின்னியது. பிறகு அவன் சட்டை முதுகிலும் ஒட்டத் தொடங்கியது. ஆகவே இருக்கைகளை முறையாகச் சுத்தம் செய்து, தோல் வறளாமல் காக்கும் கண்டிஷனர் போட, அந்த நிலையத்தில் காலையில் காரை விட்டான். நண்பகலில் எடுக்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப் போனான்.

3

இனி அந்தப் பெண்.

"கண்ணீர் மல்க நின்றாள்" என்று எழுதினேன். பொய். அவள் அழவில்லை. கண்ணீர் இருந்தால் கூட்டம் கைதட்டும் என்ற மேடைப் பழக்கத்தில் இரண்டு துளிகளை இரவல் கொடுத்தேன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. பதினோரு ஆண்டு அனுபவம். உடன் வேலை செய்பவர்கள் அவளை 'நுரையக்கா' என்கிறார்கள். காரணம், எந்தத் திரவத்தையும் தோலின்மேல் நேராக ஊற்ற மாட்டாள். நுரையாக அடித்து, மென்மயிர்த் தூரிகையில் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்து, காய்வதற்குள் துடைத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவாள். தையல் இடுக்குகளின் மண்ணை அதற்கு முன்பே இயந்திரக் குழாயால் உறிஞ்சி எடுத்திருப்பாள். நிழலில் காய்ந்த பிறகே கண்டிஷனர்; அதையும் துணியில் தொட்டு மெல்லியதாக. "தோலு குடிக்கக் கூடாது. முகம் கழுவிக்கிட்டா போதும்" என்பது அவள் கணக்கு.

[ஓரக்குறிப்பு: சுத்தம் செய்யாமல் மேலே பூசினால், பாதுகாக்கப்படுவது தோல் அன்று, அழுக்கு. இந்தக் குறிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு இது தெரியாது.]

4

நாங்கள் போனபோது ஓட்டுநர் இருக்கை மட்டும் முடிந்திருந்தது. மைத்துனன் கதவைத் திறந்தான். ஓட்டுநர் இருக்கை பாலாடை நிறத்தில் இருந்தது. பக்கத்து இருக்கை அதே பழைய பழுப்பில் இருந்தது.

"அத்தான், என் சீட்டை வெளுத்துட்டாங்க, பாருங்க."

நுரையக்கா தன் துணியை விரித்துக் காட்டினாள். பழுப்பேறிக் கிடந்தது. "இது அழுக்கு சார்."

"அது அழுக்கு இல்லம்மா, என் சீட்டோட கலர். உங்க துணியில வந்திருக்கு."

ஒரே துணி, இருவருக்கும் அதுவே சாட்சி. நான் யாரை நம்பினேன் என்று கேட்பீர்கள். உறவை நம்பினேன்.

அவள், "சார், அந்த ஹெட்ரெஸ்டைக் கொஞ்சம்" என்று தொடங்கினாள். சத்தம் கேட்டு வந்த நிலைய மேலாளர் குறுக்கிட்டு, பேச்சு வேண்டாம், அவள் அலுவலகத்துக்கு வரட்டும் என்றார்.

(என் முதல் படியில் அந்த அரை வாக்கியம் இல்லை. கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று நீக்கியிருந்தேன். மேலாளர் ஒரு முறை வெட்டினார். நான் இரண்டாம் முறை வெட்டினேன்.)

5

மேலாளரையும் அரக்கனாக்க முயன்று தோற்றேன். மேலிடத்துக்கு ஒரு கடிதம் காட்டியாக வேண்டும், புகார் அடங்க வேண்டும், ஓர் ஆள் போக வேண்டும். அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவே. நான் எழுதுகிறவன் என்று என் மைத்துனன் பெருமையாகச் சொல்லி வைக்க, அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அவளே வேலையை விடுவதாக இரண்டு வரி போதும், மரியாதையாக இருக்கட்டும் என்றார்.

வாங்கினேன். எழுதினேன். 'கவனக்குறைவால்' என்ற சொல் தானாக வந்து அழகாக உட்கார்ந்தது. எழுதும்போதே அவள் மேசைக்கு எதிரிலிருந்து தலைகீழாகப் படித்துவிட்டாள்.

"யாரோட கவனம் குறைஞ்சுது சார்? நீங்க அந்த சீட்டைத் தொட்டுப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"பாக்காமலே எழுதிட்டீங்க. கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு."

பேனா நின்றது. வாக்கியம் 'வேலையிலிருந்து' என்ற சொல்லோடு நின்றது.

6

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதலாவது: நான் எழுந்து நின்று முழங்குகிறேன், மேலாளர் நடுங்குகிறார். முழக்கம் தயாராகவே இருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

இரண்டாவது: தொழிலாளர் அனைவரும் தூரிகைகளைக் கீழே வைக்கிறார்கள். அது நடந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே தண்ணீர்க் குழாய் சீறிக்கொண்டேயிருந்தது. உள்ளே நடந்தது யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது, நடந்தது. அவள் அனுமதி கேட்காமல் எழுந்து வெளியே நடந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவள் சுத்தம் செய்த இருக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தான் தொடாத இருக்கையின் பொத்தானை அழுத்தி, ஹெட்ரெஸ்ட் என்ற அந்தத் தலைசாய்க்கும் மெத்தையை இரு கம்பிகளோடு உருவியெடுத்து, என் மைத்துனன் கையில் கொடுத்தாள்.

இருக்கை முதுகின் உச்சியில், மெத்தை அழுந்திக் கிடந்த இடத்தில், நாற்புறமும் பழுப்பு சூழ, நீள்வட்டமாக ஒரு துண்டு பாலாடை நிறம். ஓட்டுநர் இருக்கையின் அதே நிறம்.

"இங்க நான் கை வைக்கல. உங்க பாலிஷும் இங்க வந்ததில்ல. கம்பெனி குடுத்த கலர் இதுதான். காலையில பாத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிச்சேன்."

அவன் பழுப்பு விளிம்பை நகத்தால் சுரண்டினான். நகம் கறுத்தது, அடியில் வெண்மை தெரிந்தது.

"அப்ப இத்தனை ஞாயித்துக்கிழமையும் நான்..."

"அழுக்குக்குப் பாலிஷ் போட்டிருக்கீங்க சார். குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் போட்டிருக்கீங்க."

முதலில் சிரித்தவன் அவன்தான். சிரித்து முடித்தபோது, மெத்தையை மார்போடு அணைத்தபடி, தலை குனிந்து நின்றான். "தப்பு என்னோடது. மிச்சத்தையும் நீங்களே முடிச்சுக் குடுங்கக்கா" என்றான்.

மேலாளர் அரைத்தாளைக் கிழிக்கப் போனார். அவள் தடுத்தாள். "கிழிக்காதீங்க. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. இப்ப நான் சொல்றேன், சார் எழுதட்டும்."

அவள் சொன்னாள். காரின் முன்பக்க மூடியின்மேல் தாளை வைத்து எழுதினேன்: நுரை வைக்கும் முன், வாடிக்கையாளர் முன்னிலையில் ஹெட்ரெஸ்டைக் கழற்றி அடிநிறத்தைக் காட்ட வேண்டும். வேலை செய்தவர் சொல்லி முடிக்கும்வரை யாரைக் குறித்தும் கடிதம் எழுதக் கூடாது.

மேலாளர் இருமுறை படித்தார், என் மைத்துனனைப் பார்த்தார், கையெழுத்திட்டார். நகல் இன்று அந்த அலுவலகச் சுவரில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. அசலை நான் கேட்டேன். "வெச்சுக்குங்க. இல்லன்னா மறந்துருவீங்க" என்று கொடுத்துவிட்டு அவள் பக்கத்து இருக்கைக்கு நுரை அடிக்கப் போனாள்.

7

"படிந்த அழுக்கைச் சொந்த நிறம் என்று போற்றும் சமுதாயமே, உன்" என்று ஓர் இறுதிப் பத்தி தொடங்கினேன். பிறகொரு நாள் நிலையத்துக்குப் போய் அவளிடம் படித்துக் காட்டினேன். "சீட்டைப் பத்தி எழுதுங்க சார், போதும்" என்றாள். நிறுத்திவிட்டேன்.

ஆகவே இக்கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. தாளின் முன்பக்க வாக்கியம் அரைகுறையாகவே கிடக்கட்டும். அதை முடிக்க முத்து முத்தான கையெழுத்தும் நல்ல தமிழும் ஒவ்வோர் அலுவலகத்திலும் தயாராக இருக்கின்றன. நாளை அந்தத் தாளும் பேனாவும் உங்களிடம் நீட்டப்படும். அப்போது, வாசகர்களே, பேனாவை மூடுங்கள். எழுந்து போய் இருக்கையைத் தொட்டுப் பாருங்கள். பேச்சு பாதியில் வெட்டப்பட்டவரிடம், "நீங்க சொல்ல வந்தது என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.