ஒட்டில்லா நெடும்படம்

தைத் திங்களின் இளங்காலை அது. இரவெல்லாம் தன்மேல் போர்த்திருந்த பனியை அடையாறு சிறிது சிறிதாகக் களைந்துகொண்டிருக்க, தென்கிழக்கே திரிசூல மலையின் தோளைப் பற்றி ஏறிய கதிரவன், அனகாபுத்தூரின் குறுகிய தெருக்களுக்குள் ஒளியை நூலிழைபோல நீட்டி, மாடிகளில் உலர்ந்த வண்ணப் புடைவைகளையும், முன்னொரு வெள்ளம் சுவர்களில் எழுதிச் சென்ற கறையையும் ஒரே கனிவோடு தொட்டான். நூல் பல பயின்ற அன்பரே, வானூர்திகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தலைக்குமேல் தாழ்ந்து இறங்கும் அவ்வூரில், பேச்சைப் பாதியில் நிறுத்தி, ஒலி ஓய்ந்தபின் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வது மக்களின் வழக்கம். அவ்வழக்கில் தேர்ந்த நாற்பத்தொருவர், ஆற்றங்கரை அம்மன் கோயில் திடலில், பொங்கிய பானையின் மணம் சூழ, மூன்று வரிசையாக நின்றுகொண்டிருந்தனர்.

நாற்பத்தொருவரும் ஒரே குடியினர். அவர்களுள் மூத்தவர் சாம்பசிவன், அஸ்தினாபுரத்தில் வாழ்பவர், பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர், அறுபத்தொன்பது அகவையிலும் முதுகு வளையாதவர், ‘தவறிவிட்டேன்’ என்னும் சொல்லைப் பிறர் வாயிலிருந்து மட்டுமே கேட்டுப் பழகியவர். ஆறாண்டுகளாக அவர் வீட்டு வாயிலை மிதியாத தம்பி பாலு, பொழிச்சலூரிலிருந்து மனைவியோடு அன்று வந்து நின்றிருந்தான்.

அப்பிரிவின் கதை சிறிது. ஆறாண்டுகளுக்கு முன் தம் மகள் திருமணத்தில், சுற்றத்தார் அனைவரையும் மூன்று படங்களாகப் பகுத்தெடுத்துக் கணினியில் ஒன்றாக ஒட்டி, அகன்றதொரு படமாக்கி, எல்லா வீடுகளுக்கும் சட்டமிட்டு வழங்கினார் சாம்பசிவன். ஒட்டிய இடத்தில், பாலுவின் மனைவி அபிதகுஜாம்பாள் காணாமற்போயிருந்தாள். தங்கை மஹாலட்சுமியின் தோள்மேல் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும், உடையவர் இல்லாத பொருள்போலக் கிடந்தன. கண்டவர் சிரித்தனர், அவள் அழுதாள். கேட்க வந்த தம்பியிடம், “எடுக்கும்போது அவ அசைஞ்சா. அதுக்கு நான் என்ன பண்ண?” என்றார் மூத்தவர். அச்சிட்டவற்றைப் பிரித்த அன்றே அவ்விரல்களைத் தாம் கண்டதையும், யார் இவ்வளவு கூர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதையும் அவர் எவரிடமும் சொல்லவில்லை.

இனி ஒட்டுப்படமே வேண்டா, ஒரே இமைப்பில், ஒரே சுருளில், அனைவரும் அடங்க வேண்டும் என்று உறுதிகொண்டு, மடக்கி விரிக்கும் மரத்தாலான பெரும் படக்கருவி ஒன்றை அவர் தேடிப்பெற்றார். துருத்திபோல் நீளும் அதன் பின்புறத்தில், காட்சியைத் தலைகீழாய்க் காட்டும் மங்கல் கண்ணாடி உண்டு. கண்ணாடியில் அளவு பார்த்தபின், அதைக் கழற்றிவிட்டுப் படச்சுருள் அடங்கிய நீண்ட கூடு ஒன்றை அவ்விடத்தில் பொருத்தினால், உயரத்தைப்போல் மும்மடங்கு அகலமுள்ள படம் விழும். ஒரு சுருளுக்கு நான்கே படங்கள். சுருளின்மேல் ஒளி படாதபடி மறைத்து நிற்கும் மெல்லிய தகட்டை, எடுக்கும் முன் உருவிவிடவேண்டும். உருவிய தகட்டை இடது அக்குளில் இடுக்கிக்கொள்வது சாம்பசிவனின் பழக்கம். தாமும் படத்தில் நிற்கும்பொருட்டு, கருவியிலிருந்து இருபதடி நீண்ட குழாயும், அதன் முனையில் அமுக்கும் குமிழும் பூட்டியிருந்தார்.

பாலு ஒரே ஒரு படத்துக்கு மட்டுமே உடன்பட்டிருந்தான். “ஒண்ணுதான். அது முடிஞ்சதும் கெளம்பிடுவோம்,” என்று தங்கை வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தான். ஆகையால் கருவியின்மேல் போர்த்திய கருந்துணிக்குள் தலை நுழைத்து மங்கல் கண்ணாடியை நோக்கிய மூத்தவரின் நெஞ்சு, பரணில் சிக்கிய புறாவைப்போல் அடித்துக்கொண்டது. தலைகீழாய்த் தொங்கிய முகங்களை விரலால் எண்ணினார், நாற்பதில் ஒன்று குறைந்தது. மீண்டும் எண்ணினார். வலக்கோடியில், படத்தின் எல்லைக் கோட்டுக்கு அப்பால், அபிதகுஜாம்பாள் உடுத்தியிருந்த பச்சைப் புடைவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. கூட்டைப் பொருத்தினார், சுருளை முதல் எண்ணுக்குச் சுற்றினார், எண் காட்டும் துளையின் மூடியைத் தாழிட்டார், தகட்டின் நுனியைப் பற்றிய அக்கணம், வானூர்தி ஒன்று இரைந்து இறங்கியது. கூவி அழைத்தால் கேளாது என்று தகட்டை விட்டுவிட்டு, அவரே அவளிடம் நடந்தார்.

“உள்ள தள்ளி நில்லும்மா. ஓரத்துல நின்னா படத்துல விழமாட்ட.”

அபிதகுஜாம்பாள் அசையவில்லை. “பரவால்ல மாமா. கை வுழுந்தா போதும். போன தடவை நாலு வெரல்தான் வந்துச்சு, இந்த தடவை அஞ்சும் வரட்டும்.”

மஹாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணி, அந்த நாலு வெரலும் என் தோள்லதான் இன்னும் கீது. வந்து எடுத்துக்கினு போ.”

சுற்றம் சிரித்தது, சாம்பசிவன் சிரிக்கவில்லை. முகம் சிவக்க, கண் எங்கும் நோக்காது, நேரே வரிசையின் நடுவிலிருந்த தம் இடத்துக்குச் சென்று நிமிர்ந்து நின்றார். அவள் இரண்டடி உள்ளே வந்ததைக் கடைக்கண்ணால் கண்டார். “எல்லாரும் அப்படியே!” என்றார். குமிழை அமுக்கினார். கருவி இமைத்த சிற்றொலி கேட்டது. நாற்பது மார்புகளும் அடக்கிய மூச்சை விட்டன.

பாலு அப்போதே வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். கருவியை நோக்கி நடந்த மூத்தவர், தகட்டை எடுக்க இடது அக்குளில் கை வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. கூட்டின் விளிம்பில், உருவப்படாத தகட்டின் நுனி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. சுருள் பாழாகவில்லை, ஒளிதான் அதைத் தொடவே இல்லை. ஆறாண்டு காத்து, நாற்பத்தொருவரை நிறுத்தி, இருளை எடுத்திருந்தார்.

அன்பரே, அவ்விடத்தில் உண்மை சொல்வது எளிதென்று எண்ணற்க. தலைநிமிர்ந்தே வாழ்ந்தவர்க்கு, தலை குனியும் வழி கற்பிக்கப்பட்டதில்லை. பழகிய சொல் தானே நாவில் வந்து நின்றது.

“பாலு, கொஞ்சம் இரு. இன்னொண்ணு எடுத்துடலாம். யாரோ அசைஞ்சிட்டாங்க.”

பாலு நின்றான், திரும்பினான். “யாருண்ணா அசைஞ்சது?” என்றான் மெதுவாக. “இவதானே?”

நாற்பது பார்வைகளும் பச்சைப் புடைவையின்மேல் சென்று விழுந்தன. அவள் தன் கைகளைப் புடைவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். தம் ஒரு சொல் ஆறாண்டுக்கு முன் எங்கே போய்த் தைத்தது என்பதை, அம்மறைந்த கைகளில் சாம்பசிவன் முதன்முறையாகக் கண்டார். மற்றொரு வானூர்தி இறங்கத் தொடங்கியது. அதன் இரைச்சலுக்குள் சொல்லிவிட்டால் ஒருவர் செவியிலும் விழாது, சொன்னதாகவும் ஆகும். அவர் காத்தார். ஒலி முற்றும் ஓய்ந்து, ஆற்று நாரைகள் மீண்டும் அமர்ந்தபின் வாய் திறந்தார்.

“யாரும் அசையல. தகட்டை நான் உருவல. படமே விழல. தவறிட்டேன்.” பாலுவின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கும் அவ அசையல. ஒட்டும்போது நான்தான் விட்டேன். பிரிண்ட் வந்த அன்னிக்கே பார்த்தேன். பார்த்துட்டும் குடுத்தேன்.”

பாலு சாவியைக் கையில் உருட்டினான். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் படத்த வெச்சு நாங்களும் சிரிச்சிருப்போமேண்ணா,” என்றான். குரலில் சினம் இன்னும் இருந்தது. ஆனால் அவன் கால்கள் வண்டியை நோக்கிச் செல்லவில்லை.

அபிதகுஜாம்பாள்தான் முதலில் நகர்ந்தாள். “மாமா, நிக்கறேன். ஆனா அந்தக் குமிழ எங்கிட்ட குடுங்க. நான் அமுக்கறேன்.”

“குழாய் அந்த ஓரம் வரைக்கும் எட்டாதும்மா.”

“அப்ப நான் நடுவுல வரேன். நீங்க ஓரத்துக்குப் போங்க.”

குடியின் மூத்தவர் ஓரத்தில் நிற்பது அக்குடியில் அதுவரை நிகழாத ஒன்று; நெடும்படத்தின் கோடிகளில் ஒளி குறைந்து முகங்கள் சற்றே இருளும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அங்கே எவருமில்லை. அவர் மறுக்கவில்லை. கருவியின் இமைப்பு விசையை மீண்டும் ஏற்றினார். தகட்டை உருவி, அனைவரும் காண உயர்த்திக் காட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டார். குமிழை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வரிசையின் முன்னே தனியாய் நடந்து, வலக்கோடியில் போய் நின்றார்.

எந்நொடியில் அவள் அமுக்குவாள் என்பது அவருக்குத் தெரியாது. இமைத்துவிடுவோமோ, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டோமோ, கருவி இம்முறையேனும் கண் திறக்குமோ என்று அஞ்சி, நீர் தளும்பும் விழிகளை மூடாமல் விரித்து நின்றார். பிறர் கையில் இருக்கும் ஒரு நொடிக்காக ஓரத்தில் காத்துநிற்பது எத்தகையது என்பதை அறுபத்தொன்பதாம் அகவையில் அவர் கற்றார். மூத்தவர் பிழை செய்யார் என்பதன்மேல் கட்டிய பெருமை, ஒரு குடியை நடுவே பிளந்து நிறுத்திவிடும். பிழையைத் தம் வாயால் சொல்லிவிட்டு ஓரத்தில் நிற்கும் மூத்தவர் ஒருவர் இருப்பின், அக்குடிக்கு வேறு பெருமை தேடவேண்டியதில்லை. அவள் இன்னும் அமுக்கவில்லை. நாற்பத்தொருவரும் காத்திருந்தனர்.