ஒருத்தங்க

...அதெப்படி அவன் அதைச் சொல்லலாம், அதுவும் அதே வார்த்தைகளில், “ஒல்லியா இருக்குன்னு வாங்கிட்டு, பை நிறைய வயரைத் தூக்கிட்டு அலையறதுல என்னங்க அழகு” என்று, என்னவோ காலையில் பல் தேய்க்கும்போது அவனுக்கே தோன்றியதுபோலச் சிரித்துக்கொண்டு... இசக்கிச்செல்வி காதிலிருந்த இயர்போனை இன்னும் அழுத்திக்கொண்டாள், குற்றாலம் போகிற பஸ் மேலகரத்தைத் தாண்ட முடியாமல் நின்றது, சீசன் கூட்டம், முன்னால் வெளியூர் வேன்கள், சாரல் ஜன்னல் வழியாக வந்து மடியிலிருந்த பெட்டியில் பட்டது, துப்பட்டாவால் துடைத்தாள், நனைந்தால் அஹ்சன் பாய்க்கு யார் பதில் சொல்வது, அவர் கடையில் சேர்ந்த பிறகு அவளை நம்பித் தனியாக அனுப்புகிற முதல் விற்பனை இது, ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ். பெட்டிக்குள் இருக்கிற லேப்டாப்பைத்தான் போனில் ஓடிய வீடியோவில் கௌரிசங்கர் புரட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தான், போன மாடலைவிடத் தடித்து மொத்தமாக இருக்கிறது, ஓரங்கள் மழுங்கிவிட்டன, ஆனால் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்ட ஓட்டைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், டிவி வயருக்கு ஒன்று, மெமரி கார்டுக்கு ஒன்று... “நான் எப்பவும் சொல்றதுதான்” என்றான். எப்போது சொன்னாய்? யாரிடம் சொன்னாய்? சொல்லுதேன் என்று பேசிக்கொண்டிருந்த வாய், சென்னைக்குப் போனதும் சொல்றேன் என்று மாறிவிட்டது, மாறட்டும், கருத்துமா மாறும்?

ஒல்லிதான் அழகு என்று நின்றவன் அவன். கல்யாணமான புதிதில் தென்காசி மாடி வீட்டில் பச்சைப் போர்வையை விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்கி, பாருங்க எவ்வளவு ஒல்லி என்று அவன் பேச, கேமராவைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டவள் இவள். “பாத்ததும் கையில எடுக்கத் தோணணும் செல்வி, அதாம் பொருளு” என்பான். துணி காயப்போட்டுக்கொண்டே இவள் சொல்வாள், “ஒல்லியா இருந்து என்னத்துக்கு, பை நெறய வயரத் தூக்கிட்டுல்லா அலையணும்.” ம் என்பான். குழம்பைத் தாளித்துக்கொண்டே மறுபடி சொல்வாள், ம் என்பான், திரையை விட்டுக் கண் எழாது... இவள் சொல்லச் சொல்ல அந்த ஒல்லியையே வாங்கினான், அதை வைத்துக்கொண்டுதான் கல்யாண வீடியோ எடுக்கப் போனான். பண்பொழியில் ஒரு கல்யாணம், தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்திலேயே போட்டுக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தான், மெமரி கார்டைச் செருக இடமில்லை, அதற்கென்று நடுவில் மாட்டுகிற அடாப்டர் வயர் தென்காசியில் வீட்டு மேஜைமேல். உதவிக்குப் போயிருந்த இவள்தான் ஸ்கூட்டியை எடுத்தாள், ரோடு தெரியாத மழை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு போய், அதே மழையில் திரும்பி, பட்டுச்சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் முன்னால் வந்து நின்றபோது அவன் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினான், “வயர் வந்துட்டா?”

அதற்குப் பிறகு இருவரும் பேசியது எல்லாம் காய்கறி, கரண்ட் பில், சிலிண்டர். ஒருநாள் இவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், பேசித் தீர்க்க வந்த அவனுடைய பெரியப்பா சண்முகநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார், “அடிக்கானாம்மா?” இல்ல மாமா. “குடிக்கானா?” இல்ல மாமா. “பொறவு என்னதாம்மா கொற?” நான் பேசுதது அவுக காதுல விழவே மாட்டேங்கு மாமா... அவர் சிரித்தேவிட்டார், இதுக்கா தாயி இவ்வளவு பேரு வந்து உக்காந்திருக்கோம் என்று. சிரித்தால் சிரிக்கட்டும், அந்த ஒன்றைத்தான் இத்தனை நாளும் அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதை விட்டால் நிற்க வேறு இடமில்லை... வீடியோ பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, திருட்டுப்பயலே என்று மனதுக்குள் சொல்லிப் போனை அணைத்தாள். பஸ் நகர்ந்தது.

லாட்ஜ் முதலாளி வேல்சாமி வரவேற்பறை மேஜையைத் துண்டால் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தார், லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுருங்கியது. “என்னம்மா இது, எங்க மவன்கிட்ட இருக்கது வாழையில கணக்கா இருக்கு. இது மொத்தமால்லா இருக்கு? பாக்கவும் ஒரு லெச்சணமா இல்லையே.” இவளுக்கு வாய்வரை வந்தது, ஒல்லியா இருந்து என்னத்துக்கு அண்ணாச்சி என்று, அவளுடைய சொந்த வார்த்தை, துணியும் குழம்பும் மணக்கிற வார்த்தை, ஆனால் இப்போது சொன்னால் அவனைக் கேட்டு ஒப்பித்ததாகிவிடும், ஊரே பார்த்த வீடியோ... சுவரிலிருந்த டிவியின் வயரை எடுத்து நேராக லேப்டாப்பில் செருகினாள், நடுவில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, படம் வந்துவிட்டது. “அட” என்றார் வேல்சாமி. “அப்பம் மவன் துபாய்லேர்ந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கான், இதப் பாத்துட்டு வாங்குங்கன்னு. அதையே இதுல போடு. முன்னால உள்ளதப் பாத்தாச்சு, கடசியப் போடு.” பஸ்ஸில் அவள் பாதியில் அணைத்த அதே வீடியோ, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது, விரல் தானாகத் தள்ளிவிட்டது, சுவர் நிறைய கௌரிசங்கர், கண்ணாடி போட்டிருக்கிறான், போனில் பார்த்தபோது கவனிக்கவில்லை, எப்போதிருந்து, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, யார் சமைக்கிறார்களோ...

“ஒரு கல்யாணத்துல கார்டு போட வழியில்லாம நின்னேங்க. அடாப்டர் வீட்ல. ஒருத்தங்க கொட்டற மழையில வண்டியெடுத்துட்டுப் போய்க் கொண்டுவந்து கொடுத்தாங்க. வந்து நின்னப்போ அவங்களுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல.” கையிலிருந்த லேப்டாப்பை ஒருமுறை திறந்து மூடினான். “அது எங்க போச்சுன்னு நான் கேக்கவே இல்ல... சரி, பேட்டரிக்கு வருவோம்.”

ஒருத்தங்க. அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. செருப்பு வடகரைப் பக்கம் பாலத்து வெள்ளத்தில் போனது, யாரிடமும் அவள் சொன்னதில்லை, மறுநாள் சந்தையில் வேறு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான், அவளே மறந்துபோன செருப்பு... தலையைத் தூக்கவில்லையே அவன், அது சத்தியம், அவள்தான் பார்த்துக்கொண்டு நின்றாளே, தூக்காமல் எப்படி... குனிந்த தலைக்குத் தரை தெரியும், கால் தெரியும். அப்படியென்றால் குழம்பு தாளிக்கும்போது சொன்னது? துணி காயப்போடும்போது சொன்னது? “எடுத்துக்கிடலாம்லாம்மா, மொத்தமா இருந்தாலும்?” வேல்சாமி கேட்டுக்கொண்டிருந்தார். “எடுத்துக்கிடலாம் அண்ணாச்சி” என்றாள், குரல் யாருடையதோபோல வந்தது. டிவியில் அவன் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான், ஒன்றும் ஏறவில்லை, அம்மா வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால், காதுல விழவே மாட்டேங்கு என்று அவள் சொன்ன அன்றைக்கு, அவன் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அதுவும் அவன் காதில் விழவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்...