கடிக்கு ஒரு கட்டம்

மூன்றாவது மாதமும் ஜெபமணிக்குப் பிரஷர் இறங்கவில்லை. மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. மனைவி நேசம்மாள் கஞ்சிக்கு உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள். அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் மாதிரிக் குடித்துவந்தார். அப்படியும் நூற்று எழுபது.

அவருக்குப் பயமெல்லாம் அண்ணன் யோவானுக்கு நடந்ததை நினைத்துத்தான். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்ட யோவானை விட்டால் ஆளில்லை என்பார்கள். பிரஷர் ஏறி ஒரு காலையில் மரத்தடியில் சாய்ந்தவருக்கு வலது கை விறகுக்கட்டையாகிவிட்டது. அவருடைய கத்தியைத்தான் இப்போது ஜெபமணி பிடிக்கிறார்.

சுகாதார நிலையத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பிரஷர் பார்க்கும் நர்ஸ் முத்துக்கனி, விருதுநகர்ப் பக்கத்துக்காரி. இந்த ஊருக்கு வந்து நாலு மாதம். அவள் கையிலிருந்த படிவத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள்.

"இடையில ஏதாவது சாப்பிடுவீங்களாய்யா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டரே. சத்தியமா."

பக்கத்தில் நின்ற நேசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ கடையில சாயாவும் கடியும்?"

"ஏட்டி, அது கடில்லா! அதைச் சாப்பாடுன்னு யாராவது சொல்லுவாவளா?"

முத்துக்கனி திடுக்கிட்டாள். "கடியா? எதுய்யா கடிச்சுது? நாயா?"

வரிசையே சிரித்தது. சாயாவுக்குக் கூடக் கொறிப்பதுதான் கடி என்று நேசம்மாள் விளக்கினாள். வெட்டு முடிந்து சிரட்டையில் ரப்பர்ப் பால் நிறையும்வரை ஒரு பாக்கெட் மிக்சர், பால் எடுத்தபின் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஜெபமணி தலையைச் சொறிந்துகொண்டே மடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முத்துக்கனி அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக் கணக்குப் போட்டாள். பிறகு ஒரு தாளில் அவ்வளவு உப்பைக் கொட்டிக் காட்டினாள். அரைத் தேக்கரண்டிக்கு மேல் இருந்தது.

"மூணு பாக்கெட்டுல இவ்வளவு. கஞ்சியில மிச்சம் பிடிச்சதைக் கடையில வாங்கித் தின்னுருக்கீங்க."

ஜெபமணி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவும் இங்கிலீஷ். "இதைத் தமிழ்ல, முன்பக்கத்துல, பெருசா எழுதப்பிடாதா? நான் அறிவொளி வகுப்புல எழுத்துப் படிச்சதே நாப்பது வயசுல. இவனுவளுக்கு இன்னும் படிக்க வயசு வரலியோ?"

"அதுக்குச் சட்டம் வரணும்யா. வரட்டும். அதுவரைக்கும் நான் கேட்டுக்கிறேன்." அவள் அடிக்கோலை எடுத்துப் படிவத்தில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டாள். அதன் தலையில் 'கடி' என்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கருவி நூற்று முப்பத்தெட்டு காட்டியது. மேசைமேல் இருந்த படிவங்களில் எல்லாம் நாலாவது கட்டம் இருந்தது. வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் முத்துக்கனி, "கடி என்ன?" என்று இந்த ஊர் ராகத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்க கையை நீங்கதான் காப்பாத்துனிய, சிஸ்டரே."

"நான் என்னய்யா செஞ்சேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

"வேற யாரு கேட்டா?" என்றார். மிக்சருக்குப் பதில் இப்போது கொறிக்கும் சக்கைக்கொட்டையை, அவித்த பலாக்கொட்டையை, பொதியோடு மேசையில் வைத்தார். "பேனாவை இஞ்ச தாங்கோ. நானே எழுதுதேன்."

வலது கையால் ஒவ்வோர் எழுத்தாக ஊன்றி, நாலாவது கட்டத்தில் 'சக்கைக்கொட்டை' என்று எழுதத் தொடங்கினார். 'ட்'டைத் தாண்டுவதற்குள் வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

"ஓய், இன்னும் கடிச்சு முடியலியா?"